மின்சாரக் காருக்கு வீட்டில் ஒரு ப்ளக் பாயிண்ட்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது "மின்சாரத்தின் பயன்கள்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நானே தப்பு செய்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. அதை ஒளித்து வைத்துக்கொண்டு வேறு எதையோ எழுதுவது சரியில்லை என்று பட்டது. நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்த கையோடு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நின்று "கார் சார்ஜருக்குப் பாயிண்ட் எங்க சார் போடணும்?" என்று கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோயில், பாரதியார் குயில் தோப்பு என்றால் புதுவையில் எல்லோருக்கும் இடம் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கார் டிரைவர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெரியவரின் காரை ஓட்டுகிறார். பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், நம் ஊர் வழக்கில் 'சொல்தா'. மகன் பாரிசில் இருக்கிறார். பழைய டீசல் காரைக் கொடுத்துவிட்டு பெரியவர் டாடா டியாகோ மின்சாரக் காரை வாங்கினார். 19.2 யூனிட் பேட்டரி உள்ள சின்ன மாடல். (கிலோவாட்-மணி என்பதும் மின்துறை பில்லில் வரும் யூனிட் என்பதும் ஒன்றே. யூனிட் என்று சொன்னால் அப்பாவுக்கும் புரிகிறது.)

கார் வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டாராம்: "எம் பையன் கரண்டுதான் படிக்கிறான் ஐயா. அவன் வந்து பார்ப்பான்."

சார்ஜர் என்பது எது?

சுவரில் மாட்டுகிற பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது சார்ஜர் அல்ல. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் சாமான் காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆன்-போர்டு சார்ஜர் என்று பெயர். சுவர்ப் பெட்டியும், காரோடு கொடுக்கிற கேபிளின் நடுவில் தொங்கும் பெட்டியும் வாட்ச்மேன் மாதிரி. எல்லாம் சரியாக இருந்தால் கதவைத் திறந்துவிடும், இல்லையென்றால் திறக்காது.

பெரியவர் இதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. பாரிசில் மகன் வீட்டில் 7 கிலோவாட்டுக்கு மேலான பெட்டி இருக்கிறது, இங்கேயும் அதே வேண்டும் என்றார். ஆனால் அவர் வாங்கிய காரின் ஆன்-போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட். குழாய் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் குடத்தின் வாய் சின்னதுதானே! அவருக்கு அவசரமும் இல்லை. லாஸ்பேட்டை, நேரு வீதி, ஆஸ்பத்திரி என்று நாளுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடினால் பெரிய விஷயம். அதற்கு நாலைந்து யூனிட் போதும், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். காலி பேட்டரியை நிரப்பினால்தான் ஆறேழு மணி நேரம்.

வாட்ச்மேன் எப்படிப் பேசுகிறது என்பது எலெக்ட்ரானிக்ஸ் பிடித்தவர்களுக்கு ருசியாக இருக்கும். டைப்-2 கன்னில் ஏழு பின்கள்: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். மீதி இரண்டும் சின்னச் சின்ன பின்கள். அதில் ஒன்றான கன்ட்ரோல் பைலட்டில் பெட்டி முதலில் 12 வோல்ட் வைக்கிறது. காரில் சொருகியதும் காருக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டாக இழுக்கிறது; "ஆள் வந்தாச்சு" என்று அர்த்தம். பெட்டி உடனே அதை 1000 ஹெர்ட்ஸ் சதுர அலையாக மாற்றுகிறது. அலையின் டியூட்டி சைக்கிள்தான் செய்தி: ஒரு சதவீதத்துக்கு 0.6 ஆம்பியர். 26.7 சதவீதம் என்றால் "16 ஆம்பியர் வரை இழுத்துக்கோ" என்று பொருள். கார் தயாரானதும் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து 6 வோல்ட்டாக்குகிறது. அப்போதுதான் பெட்டிக்குள் 'டக்' என்று ரிலே விழுந்து மெயின் சப்ளை போகிறது. கன்னைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கும்போது அதில் கரண்ட் இருக்காது என்பது இதனால்தான். அதே பெட்டி, எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வீட்டில் கார் சார்ஜ் செய்வது நம் நாட்டுக்குப் புதுசும் இல்லை. 2001-ல் பெங்களூரில் வந்த ரேவா கார், வீட்டில் உள்ள 15 ஆம்பியர் ப்ளக்கில் சொருகித்தான் சார்ஜ் ஆனது. அதே கார்தான் லண்டன் தெருக்களில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. சட்டத்திலும் தடை கிடையாது. சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சொந்த வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022 ஜனவரி 14-ஆம் தேதி வெளியான வழிகாட்டுதலிலும் இருக்கிறது. பில்லில் உள்ள அனுமதிக்கப்பட்ட சுமையை மட்டும் பாருங்கள். அங்கே 3 கிலோவாட் என்று போட்டிருந்து, வீட்டில் ஒரு ஏ.சி.யும் ஓடி, மேலே காரின் 3.3 கிலோவாட்டும் சேர்ந்தால், மின்துறையில் மனு கொடுத்துச் சுமையை உயர்த்திக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆறு மணி நேரம்

அந்த வீட்டுப் போர்ட்டிகோவில் ஏற்கெனவே ஒரு மூன்று பின் ப்ளக் பாயிண்ட் இருந்தது. எப்போதோ காரைச் சுத்தம் செய்ய வாக்குவம் கிளீனருக்காகப் போட்டது. போர்ட்டிகோ லைட் லைனிலிருந்தே லூப் எடுத்திருந்தார்கள். 1.5 சதுர மி.மீ. ஒயர், போர்டிலிருந்து சுமார் இருபது மீட்டர். "பாயிண்ட்தான் இருக்கே, அதிலேயே சொருகிடலாம்" என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 3300 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 14.3 ஆம்பியர். இதைவிட அதிகம் இழுக்கும் சாமான் வீடுகளில் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் இவ்வளவு நேரம் இழுக்காது. கெய்சர் கால் மணி நேரம். அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட்டில் விட்டுவிட்டு எரியும். தண்ணி மோட்டார் அரை மணி. 14 ஆம்பியரை மணிக்கணக்காக, மூச்சு விடாமல் இழுப்பது கார் ஒன்றுதான்.

1.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர நாற்பது மீட்டருக்கு 0.48 ஓம். ஐ-ஸ்கொயர்-ஆர் போட்டால் சுமார் 100 வாட் வெப்பம் சுவருக்குள் மூடிய பைப்பில் உட்கார்ந்துகொள்கிறது. 4 சதுர மி.மீ. ஒயர் (கிலோமீட்டருக்கு 4.61 ஓம்) போட்டால் அதே தூரத்துக்கு 38 வாட்தான்.

ஒயரைவிட மோசமானது இணைப்பு. ஒயரின் வெப்பம் இருபது மீட்டரிலும் பரவிவிடுகிறது. ஜங்ஷன் பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ சரியாக முடுக்காமல், அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14.3 × 14.3 × 0.1 = 20 வாட். நம் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒரு கடலைப்பருப்பு அளவு பித்தளைக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், சால்டரிங் அயர்னை ஆறு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும்? சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஸ்க்ரூ இன்னும் லூஸ் ஆகும். ஓம் ஏறும், சூடும் ஏறும். இது ஒரு நாளில் நடக்காது. ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும்.

டெஸ்ட் லாம்ப் எரிந்தது

முதல் நாள் காரைச் சொருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு. சார்ஜ் ஏறவில்லை. நான் அன்று காலேஜில் இருந்தேன். வீட்டுக்கு வழக்கமாக வரும் ஒயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். பத்தே நிமிஷம், சிவப்பு போய் பச்சை வந்துவிட்டது. சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீயும் ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுடா" என்றார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா காபி கொடுத்தார்கள்.

நான் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். எரியவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது போலவே இருந்தது. "எர்த் நல்லா இருக்கு ஐயா" என்று சொன்னேன். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே வந்தார்.

பதினோரு நாள் கழிந்தது. இரவு எட்டு மணிக்கு அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றார். எல்லோரும் படுத்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: போர்ட்டிகோ லைட் அணைந்துபோனதாம், காரும் சார்ஜ் ஆகவில்லையாம், என்ன என்று பார்க்கக் கார் கதவைத் தொட்டாராம். சுண்டித் தூக்கிப் போட்டுவிட்டதாம். சாயங்காலம்தான் மழை பெய்து தரை ஈரம். நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

"ஐயா கிட்ட சொன்னியாப்பா?"

"சொல்லலடா. புது வண்டி. நான்தான் எதையோ பண்ணிட்டேன்னு நெனச்சுட்டா? அதுவும் இல்லாம, நீ பார்த்து நல்லா இருக்குன்னு சொன்ன."

அந்த வாக்கியத்தின் பிற்பாதி அன்று இரவு முழுக்க என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகவில்லை. பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, மெயினை ஆஃப் செய்துவிட்டு, ப்ளக் பாயிண்டைக் கழற்றினேன். எர்த் ஒயர் சுவரோரத்தில் வெட்டுப்பட்டுத் தனியாகத் தொங்கியது. நியூட்ரல் டெர்மினலுக்கும் எர்த் டெர்மினலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் ஒயர் ஒன்று பாலம் போட்டிருந்தது. பத்து நிமிஷ வேலை அதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பேஸிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியாக எர்த் பின்னுக்கு, அங்கிருந்து அந்தப் பாலம் வழியாக நியூட்ரலுக்கு. லாம்ப் எரியாமல் என்ன செய்யும்? நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகவே கட்டியிருந்ததால் இரண்டுக்கும் நடுவில் எரியவும் இல்லை. நான் வைத்த இரண்டு சோதனையிலும் பொய் எர்த் பாஸ் ஆகிவிட்டது. வாட்ச்மேன் பெட்டியும் அப்படியே ஏமாந்தது. நான் பார்க்க வேண்டிய விதம் வேறு: இரட்டை முனை மெயினை ஆஃப் செய்து, பேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கப்பட்ட பிறகு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்க வேண்டும். பூஜ்யம் ஓம் காட்டினால் உள்ளே எங்கேயோ திருட்டு இணைப்பு இருக்கிறது.

"டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் செய்துதானே வைத்திருக்கிறார்கள், வீட்டில் சேர்த்தால் மட்டும் என்ன?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். ஒயர்மேன் அண்ணனும் அதைத்தான் கேட்டார். வைவாவில் கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். டிரான்ஸ்பார்மரில் செய்திருப்பது மூலத்தில். வீட்டுக்குள் வரும் நியூட்ரல் என்பது கரண்ட் சுமக்கும் கம்பி. அது வழியில் அறுந்தால் கதை மாறிவிடும். அன்று ராத்திரி அறுந்துதான் போனது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தால் நியூட்ரல் ஸ்க்ரூ கருகி, ஒயர் விட்டுப் போயிருந்தது. மேலே சொன்ன அதே 0.1 ஓம் கதை. திரும்பிப் போக வழி இல்லாமல், பேஸ் கரண்ட் போர்ட்டிகோ பல்பு வழியாக நியூட்ரலுக்கு வந்து, பாலத்தைத் தாண்டி, கேபிளின் எர்த் ஒயர் வழியாகக் கார் பாடிக்கு ஏறிவிட்டது. ரிலே விழுந்துவிட்டதே என்றால், அது பேஸையும் நியூட்ரலையும்தான் துண்டிக்கிறது. எர்த் ஒயர் அந்தக் கேபிளில் நேராகப் போகிறது. கார் நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது. அப்பா தரையில் நிற்கிறார். நடுவில் இருந்த பல்பு மட்டும்தான் கரண்டைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. அந்த லைனில் பல்புக்குப் பதில் ஒரு இரும்புப் பெட்டி இருந்திருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிரிட்ஜில் இதே தப்பு நடந்தாலும் ஆபத்துதான். ஆனால் பிரிட்ஜ் வீட்டுக்குள் உலர்ந்த தரையில் இருக்கிறது. கார் வாசலில், மழையில், வெறுங்காலோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற இடத்தில் நிற்கிறது. இங்கிலாந்தில் தெருக் கேபிளிலேயே நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாக வரும் வீடுகள் நிறைய. அங்கேகூட வெளியில் நிற்கும் காருக்கு அந்த எர்த்தைச் சும்மா கொடுத்துவிட முடியாது, நியூட்ரல் அறுந்தால் காப்பாற்றத் தனி ஏற்பாடு வேண்டும் என்று அவர்கள் ஒயரிங் விதியில் இருக்கிறது.

ஒயர்மேன் அண்ணன் "பையன் புத்தகத்தைப் படிச்சுட்டுப் பேசறான். இருபது வருஷமா இப்படித்தான் போடறேன்" என்றார். பெரியவருக்கு டைல்ஸை உடைத்துக் குழி தோண்ட மனசில்லை. அப்பா தலை குனிந்து நின்றார். "இப்ப சார்ஜ் போட்டா நான் பொறுப்பில்ல ஐயா. அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னதும் என் தப்பு" என்றேன். குரல் நடுங்கியது. பெரியவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். அப்புறம் பாரிசுக்குப் போன் போட்டார். 3.7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜிங் பாயிண்டை அதற்கென்று தகுதிச் சான்று பெற்ற எலெக்ட்ரிசியன்தான் மாட்ட வேண்டும் என்று பிரான்சில் 2017 ஜனவரியிலேயே அரசாணை போட்டிருக்கிறார்கள். மகன் அதைச் சொன்னாராம். என் பேச்சைவிடப் பாரிஸ் பேச்சுக்கு எடை அதிகம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, வேலை நடந்தால் சரி.

சரியாகப் போட்டது

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வந்தார். நான் உதவியாள் மட்டுமே. டிப்ளமோ மாணவனுக்கு ஒயரிங் செய்ய லைசென்ஸ் கிடையாது என்பதை நாமும் மறக்கக் கூடாது.

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு, நடுவில் எங்கும் ஜாயிண்ட் இல்லை. 20 ஆம்பியர் எம்.சி.பி., கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த ஆர்.சி.சி.பி. 'டைப் ஏ' என்று கேட்டு வாங்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 'டைப் ஏ.சி.' சைன் அலைக் கசிவை மட்டும் கண்டுபிடிக்கும். காருக்குள் ரெக்டிபையர் இருப்பதால் கசிவு துண்டு துண்டான டி.சி.யாகவும் வரலாம்.

மத்திய மின்சார ஆணையம் 2019-ல் பாதுகாப்பு விதிகளில் மின்வாகன சார்ஜிங்குக்கென்று தனியாகச் சேர்த்த பகுதியில் இதுவும் இருக்கிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மி.மீ. உயரம், வண்டியின் சார்ஜிங் வாய் ஐந்து மீட்டருக்குள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது என்பவையும் அதில் உண்டு. 800 மி.மீ. எதற்கு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது அந்தப் போர்ட்டிகோவில் முழங்கால் தண்ணீர். பழைய பாயிண்ட் அதற்கும் கீழே இருந்தது. புதுசை நெஞ்சு உயரத்தில் வைத்தோம்.

கடைசியாக எர்த். பழைய குழியை கான்ட்ராக்டர் எர்த் டெஸ்டரால் அளந்தார். நாம் லேபில் மூன்று கம்பி நட்டு, ரெக்கார்டு நோட்டில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறோமே, அதே சோதனைதான். 60 ஓம் காட்டியது. கடல் காற்றில் பைப் அரித்து, குழியில் பல வருஷமாகத் தண்ணீரும் ஊற்றவில்லை. 230-ஐ 60-ஆல் வகுத்தால் 3.8 ஆம்பியர். பேஸ் நேராகப் பாடியைத் தொட்டால்கூட 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, கரண்ட் ஏறிய கார் அப்படியே நிற்கும். புதுக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்ட பிறகு 5 ஓம். அப்போதும் 46 ஆம்பியர்தான். சி வகை எம்.சி.பி. உடனே விழ 100 ஆம்பியராவது வேண்டும். ஆக நல்ல எர்த் இருந்தாலும் எம்.சி.பி.யை மட்டும் நம்ப முடியாது. ஆர்.சி.சி.பி.க்கோ 0.03 ஆம்பியர் போதும், கண்ணிமைக்கும் முன் விழுந்துவிடும். இந்தக் கணக்கை நான் நோட்டில் போட்டுக் காட்டியபோது ஒயர்மேன் அண்ணன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ராத்திரி சார்ஜ் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புகூட இல்லை.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட ஒரு டெஸ்ட் பட்டன் உண்டு. அதை அப்போதைக்கப்போது அமுக்கி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அமுக்குகிறார். எங்கள் வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு டிக் இருக்கும். ஆனாலும் காலையில் காரைத் துடைக்கத் துணி எடுக்கும் முன், புறங்கையால் கதவை ஒரு தடவை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.